ஒரே சீசனில் விலகிய லைன்பேக்கர்: ஒரு நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

2015 மார்ச் 16 அன்று, அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீகான என்.எஃப்.எல்.லில் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த 24 வயது லைன்பேக்கர் (தற்காப்பின் நடுவில் நிற்கும் வீரர்) ஒருவர், இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். அணி அவரைக் கழற்றிவிடவில்லை. ஆட முடியாத அளவுக்குக் காயமும் இல்லை. அடுத்த சீசனில் முதல் ஆட்டத்திலிருந்தே அவர்தான் நடுவில் நிற்பார் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. இந்த விளையாட்டைப் பின்தொடர்பவர்களுக்கு ஆள் யார் என்பது இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். ஒளிக்க ஒன்றுமில்லை, முக்கியமானவை எல்லாம் அவரே பேட்டிகளில் சொன்னவை. ஆனால் பெயர் வந்ததும் பேச்சு வீரனா கோழையா என்ற பட்டிமன்றமாகிவிடுகிறது. எனக்கு வேண்டியது வேறு. கையில் முழு ஆதாரம் இல்லாதபோது, உடம்பில் ஒரு அறிகுறியும் தெரியாதபோது, ஒருவர் தன் தொழிலை விட்டு விலகும் முடிவை எப்படி எடுத்தார் என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பின்னணி

ஊர், ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரை ஒட்டிய கெட்டரிங். ஏழு பிள்ளைகளில் இவர் ஆறாவது. மோதி விழுத்தும் ஃபுட்பாலுக்கு உயர்நிலைப் பள்ளி வரும்வரை தந்தை அனுமதி தரவில்லை. எட்டாம் வகுப்பில் வந்த முதல் மூளையதிர்ச்சிகூட (ஊரில் கன்கஷன் என்றே சொல்கிறார்கள்) சாக்கர் (நம்மூர்க் கால்பந்து) ஆடும்போது வந்ததுதான். இரண்டாவது, உயர்நிலைப் பள்ளியில் ஃபுட்பால் ஆடும்போது. மருத்துவப் பதிவில் இருப்பவை இந்த இரண்டு மட்டுமே.

பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகம். 2009இல் பிக் டென் எனும் பல்கலைக்கழக அணிகளின் பிரிவின் சிறந்த முதலாண்டு வீரர், 2013இல் அதே பிரிவின் சிறந்த தற்காப்பு வீரர். நடுவில் 2010 சீசனின் பெரும்பகுதி தோள்பட்டைக் காயத்தில் போயிற்று. அந்தத் தோளில் ஒரு முறைக்கு மேல் அறுவை சிகிச்சை. படித்தது வரலாறு. பட்டம் கையில் இருந்தது. இதைச் சும்மா சொல்லிவைக்கவில்லை, பின்னால் தேவைப்படும்.

உயரம் 5 அடி 11 அங்குலம், எடை 112 கிலோ அளவில். என்.எஃப்.எல். லைன்பேக்கருக்கு இது குள்ளம், கையும் நீளமில்லை. ஆட்டத்தைப் படிக்கும் கண்ணும் மோதலுக்கு அஞ்சாத உடம்பும் அந்தக் குறையை ஈடுகட்டின. 2014 மே மாத டிராஃப்ட்டில் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) மூன்றாம் சுற்றில், 77ஆவது ஆளாக, சான் ஃபிரான்சிஸ்கோ 49யர்ஸ் அவரை எடுத்தது. நான்காண்டு ஒப்பந்தம், மொத்தம் 30 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. அதில் கையெழுத்திடும்போதே கிடைத்த போனஸ் 6,17,436 டாலர். இந்த எண்ணையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலை என்ன வேலை

லைன்பேக்கர் ஆட்டம் தொடங்கும்போது பந்து இருக்கும் கோட்டிலிருந்து நான்கைந்து கெஜம் தள்ளி, முழங்காலை மடக்கி நிற்பார். எதிரே ஐந்து பேர் கொண்ட தாக்குதல் வரிசை, ஒவ்வொருவரும் 130 கிலோவுக்கு மேல். பந்து நகர்ந்த நொடியில் அவர் பார்க்க வேண்டியது பந்தை அல்ல, எதிரே அந்த வரிசையில் நிற்கும் கார்டு என்ற வீரரின் கால்களை. கார்டு எந்தப் பக்கம் சாய்கிறாரோ பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் பந்தோடு ஓட்டம் வரும். ஓட்டம் வரப்போகும் இடைவெளியை லைன்பேக்கர் போய் அடைக்க வேண்டும். பல ஆட்டத்திட்டங்களில் பந்து வைத்திருப்பவருக்கு முன்னால் வழி திறக்க ஃபுல்பேக் ஒருவர் ஓடிவருவார். அவருடைய வேலையே இந்த லைன்பேக்கரை மோதித் தள்ளுவதுதான். இருவரும் நாலு தப்படி ஓடிவந்து அந்த இடைவெளியில் முட்டிக்கொள்கிறார்கள். யார் தோள் தாழ்ந்திருக்கிறதோ அவர் பக்கம் வெற்றி. பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பதும் அதையே.

இதில் பெரும்பாலான மோதல்கள் யாரையும் மயங்கி விழச் செய்வதில்லை. எழுந்து, மூச்சு வாங்கி, அடுத்த மோதலுக்கு நிற்பார்கள். இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ளத் தேவையான விவரம் இது ஒன்றுதான் என்பேன். மூளையதிர்ச்சி என்று எழுதப்படும் அடி ஒன்று. எழுதப்படாமல் நாள்தோறும் சேரும் அடி மற்றொன்று. இந்த இரண்டாவது கணக்கில் லைன்பேக்கர்களும் கோட்டில் நிற்பவர்களும்தான் முதலிடத்தில் இருக்கிறார்கள்.

2014 கோடை: பதிவாகாத அடி

சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம். ஓட்டத்தை அடைக்கப் போனவர் ஃபுல்பேக்கோடு மோதினார். தலை கிறுகிறுத்தது. மூளையதிர்ச்சியாக இருக்கலாம் என்று அவருக்கே தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியைத் தொடர்ந்தார்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு அவர் தந்த விளக்கம் மிகச் சாதாரணமானது: அணியில் இடம் பிடிக்க வேண்டிய புதுமுகம். சொன்னால் மருத்துவ நெறிமுறைக்குள் போக வேண்டும். போனால் பயிற்சி போகும். பயிற்சி போனால் பக்கத்தில் நிற்பவன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான். இப்படி யோசிக்க எந்தத் தீய பயிற்சியாளரும் தேவையில்லை. இடத்துக்குப் போட்டி இருந்தாலே போதும்.

அன்றுதான் அவருக்கு அந்தக் கேள்வி வந்தது. வளர்ந்த மனிதனாக வாழப்போகும் காலம் முழுவதும் இப்படித் தலையை முட்டிக்கொண்டேதானா, அதுவும் இவ்வளவும் தெரிந்த பிறகு? சீசன் தொடங்கும் முன்பே பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தத் தொழிலில் நீண்ட நாள் இருக்கப்போவதில்லை என்பதே அதன் சாரம். பிற்பாடு பலர் இதைத் திடீர் முடிவு என்றார்கள். பல மாதங்களுக்கு முன்பே விதை விழுந்துவிட்டது என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி.

சீசன்

அணிக்கு அந்த ஆண்டு நடு லைன்பேக்கர்கள் விஷயத்தில் நேரம் சரியில்லை. ஒருவர் முந்தைய ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முழுக்கவே இல்லை. அணியின் தூணாக இருந்த மற்றவர் அக்டோபர் நடுவில் கால்விரல் காயத்தால் வெளியேறினார். மூன்றாம் சுற்றுப் புதுமுகம் களத்துக்கு வந்தார்.

வந்தவர் எட்டு ஆட்டங்களில் தொடக்க வீரராக நின்றார். சீசனில் நூறைத் தாண்டிய டாக்கிள்கள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது). நவம்பர் மாதத்தின் சிறந்த தற்காப்புப் புதுமுகம் என்ற விருது. நவம்பர் 16 அன்று நியூ ஜெர்சியில் நியூயார்க் ஜயண்ட்ஸோடு ஆடிய ஆட்டத்தில் எதிரணியின் இரண்டு பந்துகளை இடைமறித்துப் பிடித்தார். அதில் இரண்டாவது, கடைசி நேரத்தில், 49யர்ஸ் 16-10 என்று முன்னிலையில் இருக்கும்போது, தன் எல்லைக்கோட்டின் வாசலில் பிடித்தது. ஆட்டம் அதோடு முடிந்தது. டிசம்பரில் கணுக்கால் காயம், கடைசி இரண்டு ஆட்டங்கள் இல்லை.

புள்ளிவிவரத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆட்டம் நன்றாகப் போகப் போக விலகும் எண்ணம் கரையவில்லை. தோற்றவன் சாக்கு சொல்கிறான் என்று யாரும் சொல்ல முடியாத நிலைக்கு அவர் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது

அவர் படித்த விஷயங்களில் அடிக்கடி குறிப்பிட்டவை மூன்று பெயர்கள். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மைக் வெப்ஸ்டர், 2002இல் 50 வயதில் இறந்தவர். அவருடைய மூளையை ஆராய்ந்த நோய்க்குறியியல் மருத்துவர் பென்னட் ஒமாலு 2005இல் வெளியிட்ட கட்டுரைதான் என்.எஃப்.எல். வீரர் ஒருவரிடம் சி.டி.இ. எனும் நாள்பட்ட மூளைச் சிதைவை முதலில் பதிவு செய்தது. மற்ற இருவர் டேவ் டூர்சன், ரே ஈஸ்டர்லிங். இருவருமே தற்காப்பில் கடைசி அரணாக நின்றவர்கள். 2011இல் தன் உயிரை முடித்துக்கொண்ட டூர்சன், தன் மூளையை ஆராய்ச்சிக்குத் தரும்படி எழுதிவைத்துவிட்டுப் போனார்.

சி.டி.இ.யில் டாவ் என்ற புரதம் மூளையின் மடிப்புகளின் ஆழத்தில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றி முடிச்சு முடிச்சாகப் படிகிறது. மறதி, கோபம், மனச்சோர்வு, கடைசியில் டிமென்ஷியா. அடி நின்று பல ஆண்டுகள் கழித்து வெளியே தெரியலாம். இறந்த பிறகு மூளைத் திசுவை வெட்டிப் பார்த்தால் மட்டுமே உறுதி செய்ய முடியும். குத்துச்சண்டைக்காரர்களின் இந்த நிலையை 1928இலேயே மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதியிருக்கிறார். என்.எஃப்.எல். 1994இல் மூளையதிர்ச்சிக்கென ஒரு குழு அமைத்தபோது அதன் தலைமையில் வைத்தது ஒரு மூட்டுநோய் மருத்துவரை. இதற்கு மேல் நான் கருத்துச் சொல்லத் தேவையில்லை.

2014 செப்டம்பரில், அவர் முதல் சீசனை ஆடிக்கொண்டிருந்த அதே மாதத்தில், முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் ஒரு ஆவணம் வெளியானது. ஓய்வுபெற்ற வீரர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு அல்சைமரோ மிதமான டிமென்ஷியாவோ வரும் என்பது லீகின் தரப்பிலேயே போடப்பட்ட மதிப்பீடு.

தெரியாமல் இருந்ததும் நிறைய. எத்தனை அடிக்கு எவ்வளவு ஆபத்து என்ற கணக்கு அன்று இல்லை. ஒரு சீசனில் நின்றால் தப்பிக்கலாமா, ஐந்தில் நின்றால் தப்பிக்கலாமா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. சீசன் முடிந்ததும் அவர் ஆராய்ச்சியாளர்களிடமும், முன்னாள் வீரர்களிடமும், குடும்பத்தாரிடமும் பேசினார்.

முடிவும் அதன் காரணமும்

அவர் தர்க்கத்தைச் சுருக்கினால் இப்படி வரும். அறிகுறி வரும்வரை காத்திருக்கலாம் என்பது சாதாரண நோய்களுக்குப் பொருந்தும். வந்தபின் மருந்து உண்டு. இதற்கு இல்லை. அறிகுறி தெரியும் நாளில் கேடு நடந்து முடிந்திருக்கும். ஆகவே "ஒன்றும் ஆகவில்லையே" என்பதைத் தொடர்வதற்கான காரணமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

மாற்றுவழிகள் இல்லாமலில்லை. இன்னும் இரண்டு சீசன் ஆடியிருந்தால் மூன்றாண்டு நிறைந்து லீகின் ஓய்வூதியத் தகுதி வந்திருக்கும். ஒப்பந்தம் முழுக்க ஆடியிருந்தால் இரண்டாவது ஒப்பந்தம், இந்தத் தொழிலில் உண்மையான பணம் வருவது அதில்தான். இரண்டையும் எடைபோட்டே விலகினார். ஒரு சீசன் தாமதித்தால் அதற்கடுத்த சீசனை விடுவது இன்னும் கடினமாகும் என்பது என் ஊகம். பணம் கூடிக்கொண்டே போகும் ஏணியில் இறங்க எளிதான படி முதல் படிதான்.

பணத்தைப் பற்றி. என்.எஃப்.எல். ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போனஸ் ஒப்பந்தக் காலம் முழுக்கப் பங்கிடப்படும். பாதியில் தானாக விலகினால் ஆடாத ஆண்டுகளின் பங்கை அணி திருப்பிக் கேட்கலாம். நான்கில் ஒன்று ஆடியாயிற்று, மீதி முக்கால் பங்கு: 4,63,077 டாலர். திருப்பித் தருவதாகச் சொன்னார். இதுதான் இந்த முடிவின் ரொக்க விலை, இனி வரவேண்டிய சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காமல்.

எதிர்வினை

எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் முடிவை மதிக்கிறோம் என்றது அணி. லீகின் உடல்நலப் பொறுப்பு அதிகாரி, ஆட்டம் முன் எப்போதையும்விடப் பாதுகாப்பானது என்று அறிக்கை விட்டார். அதே மாதத்தில் 30 வயதான அந்த அணித்தூண் லைன்பேக்கரும், 27 வயதுத் தற்காப்பு வீரர் ஒருவரும், 26 வயதுக் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்) ஒருவரும் ஓய்வை அறிவித்திருந்தார்கள். காரணங்கள் வெவ்வேறு. ஆனாலும் நால்வரையும் ஒரே கட்டாகக் கட்டித்தான் செய்திகள் வந்தன.

ஒரு சிறு சம்பவம். விலகி வீட்டில் இருந்தவரிடம் லீக் போதைமருந்துப் பரிசோதனைக்கு மாதிரி கேட்டது. முடிவில் யாராவது கை வைப்பார்களோ என்ற சந்தேகத்தில், தனியாக ஒரு நிறுவனத்திடம் பணம் கட்டி, தன் மாதிரியை இன்னொரு முறையும் சோதித்து வைத்துக்கொண்டார். சந்தேகம் நியாயமானதா என்பதற்குள் நான் போகவில்லை. ஓராண்டு உள்ளே இருந்தவருக்கு அந்த அமைப்பின்மேல் எவ்வளவு நம்பிக்கை மிச்சமிருந்தது என்பதை இது காட்டுகிறது.

தொடர்ந்து நடந்தவை

அவர் விலகிய அடுத்த வாரமே அணி உரிமையாளர்கள் ஒரு விதியை ஏற்றார்கள்: மைதானத்தின் மேல்தளத்திலிருந்து கவனிக்கும் மருத்துவப் பார்வையாளர், தடுமாறும் வீரரைக் கண்டால் ஆட்டத்தை நிறுத்தலாம். ஏப்ரலில் முன்னாள் வீரர்களின் இழப்பீட்டு ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. 2016 மார்ச்சில், சரியாக ஓராண்டில், ஆட்டம் பாதுகாப்பானது என்று அறிக்கை விட்ட அதே அதிகாரி, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் கேள்விக்கு, ஃபுட்பாலுக்கும் சி.டி.இ.க்கும் தொடர்பு உண்டு என்று ஒப்புக்கொண்டார். அடுத்த மாதம் பஃபலோ அணியின் லைன்பேக்கர் ஒருவர், அவரும் ஒரே சீசன் ஆடியவர், மூளையதிர்ச்சிகளைக் காரணம் காட்டி விலகினார்.

ஆராய்ச்சி பின்னால் வந்து சேர்ந்தது. 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு, தானமாகப் பெற்ற 111 என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110இல் சி.டி.இ. இருந்ததாக வெளியிட்டது. இந்த எண்ணை எடுத்துக்கொண்டு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் என்று எழுதுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். வீரரிடம் ஏற்கெனவே மாற்றம் கண்ட குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் தருகின்றன. பொது அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். என் பார்வையில் முக்கியமானது அதே குழு 2019இல் வெளியிட்டது: ஆடும் ஒவ்வொரு ஆண்டுக்கும் சி.டி.இ. வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுகிறது, 2.6 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 2015இல் அவரிடம் இந்தக் கணக்கு இல்லை. இருந்திருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அவர் பிறகு தியானப் பயிற்சி, ஓய்வுபெற்ற விளையாட்டு வீரர்கள், போரிலிருந்து திரும்பியவர்கள் என்ற வட்டத்தில் வேலை செய்யத் தொடங்கினார்.

என்ன மாறியிருக்க வேண்டும்

மேல்தளப் பார்வையாளர் நல்ல ஏற்பாடு. ஆனால் இவருக்கு அடி விழுந்த இடம் பயிற்சி முகாம். அங்கே மேல்தளமும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. லீகின் மூளையதிர்ச்சி எண்ணிக்கை குறைந்தது என்று காட்டப்படும் வரைபடம் எதிலும் அந்த அடி கிடையாது. வீரர் வாய் திறந்தால்தான் கணக்கு, வாய் திறந்தால் இடம் போகும் என்றால், அந்தக் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும். முகாமில் தலையடி சொன்ன புதுமுகத்துக்கு அணியில் குறிப்பிட்ட காலம் இடம் உறுதி என்று ஒரு விதி இருந்திருந்தால் அவர் அன்று சொல்லியிருக்கலாம். 2022இலிருந்து முகாம்களில் லைன்பேக்கர்களும் கோட்டில் நிற்பவர்களும் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தென்ற உறை போட வேண்டும் என்றானது. சரியான இடத்தை நோக்கிய நடவடிக்கை அது, எட்டாண்டு தாமதமாக.

போனஸைத் திருப்பும் விதியையும் பார்க்க வேண்டும். சோம்பலில் விலகுபவருக்கும் மூளைக்குப் பயந்து விலகுபவருக்கும் ஒரே தண்டம். இவரால் அதைக் கட்ட முடிந்தது. கையில் பட்டம், பின்னால் ஒரு குடும்பம், தோளில் பொறுப்புகள் இல்லை. அந்த 6 லட்சத்தில் அம்மாவுக்கு வீடு வாங்கிவிட்ட 22 வயதுப் பையனுக்கு அதே ஆராய்ச்சிக் கட்டுரையைக் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? இந்த நிகழ்வை முன்மாதிரி என்று தூக்கிப் பிடிப்பவர்கள் இதைப் பேசுவதில்லை. அவரைக் கோழை என்றவர்களும் பேசவில்லை.

முடிவு பலித்ததா என்ற கேள்விக்கு இந்தப் பதிவில் இடமில்லை. உயிரோடிருப்பவரிடம் சி.டி.இ.யை உறுதி செய்யும் பரிசோதனை இன்னும் மருத்துவமனைகளுக்கு வரவில்லை. அவருக்கு இப்போது வயது முப்பதுகளின் நடுவில். பள்ளியில் தொடங்கி அந்த ஒரே சீசன்வரை வாங்கிய அடிகள் அவர் தலையில்தான் இருக்கின்றன. விலகியதால் நின்றது அதற்குப் பிறகு விழுந்திருக்க வேண்டியவை மட்டும்.